ஸ்மார்ட் பல்பு சீன்கள் இயங்காதது குறித்த புகார்

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 9 வாட் வண்ண ஸ்மார்ட் பல்புகளில் சீன்கள் சரியாக இயங்காதது – ஃபர்ம்வேர் (பல்புக்குள் இருக்கும் மென்பொருள்) திருத்தம் அல்லது பணத்தைத் திரும்பத் தருமாறு கோருதல்.

ஐயா / அம்மையீர்,

தங்கள் இணையதளத்தில் வாங்கிய பி22 பின் டைப் பல்புகள் ஆறு ஹாலிலும் படுக்கையறையிலும் மாட்டப்பட்டுள்ளன. தனித்தனியாக இயக்கும்போது எந்தப் பல்பிலும் குறையில்லை. குறை முழுவதும் சீன்களில்தான், அதாவது பல பல்புகளின் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒரே பொத்தானில் மாற்றும் முன்னமைவுகளில்தான். பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தியிருப்பதும் சீன்களைத்தான் என்பதால், இதைச் சிறு குறை என்று விட முடியாது.

‘ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், பல்பை ரீசெட் செய்து மறுபடி சேருங்கள்’ என்பதே சேவைப் பிரிவின் பதிலாக இருக்கிறது. ரவுட்டரில் பல்புகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனிப் பெயர், நிலையான சேனல் வைத்தாயிற்று. ஒரே வைஃபையிலுள்ள சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதைத் தடுக்கும் ஏபி ஐசொலேஷன் அணைக்கப்பட்டுள்ளது. தூரத்திலுள்ள பல்பிலும் சிக்னல் மைனஸ் 60 டிபிஎம்முக்குக் குறையவில்லை, அதாவது நன்றாகவே இருக்கிறது. ரீசெட் செய்தாலோ பல்பு புது ஐடியுடன் சேர்கிறது. பழைய சீன்கள் எல்லாவற்றிலிருந்தும் அது கழன்றுவிடுவதால், ஒவ்வொரு சீனையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கிறது.

உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். வைஃபை ஓடிக்கொண்டிருக்கட்டும், ரவுட்டருக்கு வரும் இணையக் கேபிளை மட்டும் கழற்றுங்கள். ஆப்பில் ஒரு பல்பின் வெளிச்சத்தைக் கூட்டினால் உடனே கூடுகிறது. சீன் பொத்தானை அழுத்தினால் சக்கரம் சுற்றிவிட்டுப் பிழைச் செய்தி வருகிறது. ஆக, சீன் பல்பிலும் இல்லை, போனிலும் இல்லை, தங்கள் சர்வரில்தான் இருக்கிறது. இணையம் இருக்கும்போதும் சர்வர் ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்புவதால்தான் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. சில சமயம் ஒரு பல்பு மாறாமலே நின்றுவிடுகிறது.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வைஃபைக்குப் பதிலாக ஸ்மார்ட் பல்புகளில் பயன்படும் ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் ஒவ்வொரு பல்பும் சீனில் தன் பங்கைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது; குழுவுக்கு ஒரே கட்டளை போனதும் எல்லாம் ஒன்றாக மாறுகின்றன. வைஃபை பல்புகளிலும் சீன்களை ஃபர்ம்வேரிலேயே வைத்து, வீட்டு நெட்வொர்க் வழியாகச் சீன் எண்ணை மட்டும் அனுப்பும் முறை சந்தையில் இருக்கிறது.

அடுத்தது கரண்ட் போய் வரும் பிரச்சினை. ‘மின்சாரம் திரும்பியதும் முந்தைய நிலை’ என்ற அமைப்பு ஆன் செய்யப்பட்டுள்ளது. 2700 கெல்வின் (மஞ்சள் கலந்த வெள்ளை), 20 சதவீத வெளிச்சம் என்று ஸ்லைடரில் வைத்து, பத்து விநாடி கழித்து சுவிட்சை அணைத்துப் போட்டால் பல்பு அதே நிலைக்கு வருகிறது. அதே அளவைச் சீன் மூலம் கொடுத்துவிட்டு அணைத்துப் போட்டால் 6500 கெல்வினில் (நீலம் கலந்த வெள்ளை) முழு வெளிச்சத்துடன் எரிகிறது. சீன் வழியாக வரும் நிலையைப் பல்பு நினைவகத்தில் எழுதுவதில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை. நள்ளிரவில் கரண்ட் வந்ததும் கைக்குழந்தை தூங்கும் அறையில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம் பாய்வதை யார் பொறுத்துக்கொள்வார்கள்?

நிறம் மாறிக்கொண்டே இருக்கும் சீனிலிருந்து, வெள்ளை நிறமும் முழு வெளிச்சமும் கொண்ட ‘படிப்பு’ சீனுக்குப் போனால், ஓரிரு பல்புகள் ஆரஞ்சு நிறத்திலேயே நின்று வெளிச்சத்தை மட்டும் 100 சதவீதமாக்குகின்றன. வெளிச்ச அளவு போய்ச் சேர்ந்து, வெள்ளை முறைக்கு மாறும் கட்டளை தவறிவிடுகிறது. இரண்டையும் ஒரே கட்டளையில் அனுப்பினால் இது தீரும். சுவிட்ச் போர்டில் அணைந்திருக்கும் பல்பையும் சேர்த்துச் சீனைச் சேமித்தால், அந்தப் பல்பை விட்டுவிட்டு ‘சேமிக்கப்பட்டது’ என்றே ஆப் காட்டுகிறது. விடுபட்ட பல்பு எது என்று அங்கேயே சொல்ல வேண்டும்.

எனவே, சீன்கள் பல்பிலேயே சேமிக்கப்பட்டு இணையம் இல்லாமல் இயங்கும்படியும், சீன் நிலை கரண்ட் போய் வந்தாலும் நிலைக்கும்படியும், நிறத்திலிருந்து வெள்ளைக்கு எல்லாப் பல்புகளும் தவறாமல் மாறும்படியும் ஃபர்ம்வேரைத் திருத்தித் தர வேண்டுகிறேன். இந்த மாடலின் சிப்பில் அதற்கு இடமில்லை என்றால் அதை எழுத்தில் தெரிவித்து, ஆறு பல்புகளையும் திரும்பப் பெற்று முழுப் பணத்தையும் தாருங்கள். இன்னொரு ரீசெட் ஆலோசனையைத் தீர்வாக ஏற்க இயலாது.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் இப்புகாருக்கு ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டியது தங்கள் பொறுப்பு. தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், பல்புகளின் ஃபர்ம்வேர் எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டுகள், இணையக் கேபிள் சோதனை, சுவிட்ச் சோதனை வீடியோக்கள்.