குரலுக்கு இடம் விட்டு வைத்தவர்களுக்கு

இசைத் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி ஐயாவுக்கும், 1961 ஆகஸ்ட் 21 அன்று 'கிரேஸி' பாட்டைப் பதிவு செய்ய அமெரிக்காவின் நாஷ்வில்லில் அவருடைய தகரக் கொட்டகை ஸ்டூடியோவில் இருந்த எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பெரும்பாலானோர் இன்று இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் எனக்கு இரண்டு விலா எலும்பு விட்டுப்போனது. இருமினால் உயிர் போய் உயிர் வரும். படுத்த படுக்கையில், கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசையின் பாடகி பாட்ஸி கிளைன் பாடிய அந்தக் 'கிரேஸி'யைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். வருடக்கணக்காகக் கேட்கிற பாட்டுதான். ஆனால் ஒரு சொல்லை அவர் இழுத்து நிறுத்தும்போது அதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த 1961 ஜூன் மாதம் கார் விபத்தில் முன்கண்ணாடியில் மோதி, ஆஸ்பத்திரியில் கிடந்து, ஊன்றுகோலோடு பாட வந்தவர் அவர். அன்று விலா வலியில் அவருக்கு மேல் சுரம் பிடிபடவில்லை.

மூன்று மணி நேரத்தில் நான்கு பாட்டு முடிப்பது அப்போது உங்கள் ஊர் வழக்கம். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக இருந்துதான் பதிவு செய்வார்கள். நீங்களோ இந்த ஒரே பாட்டுக்கு நான்கு மணி நேரம் உழைத்தீர்கள். அப்புறம் இசையை மட்டும் முடித்துவைத்துவிட்டு, குரலுக்கான இடத்தை அப்படியே விட்டுவைத்தீர்கள். உடம்பு தேறி வந்தவர் ஒரே மூச்சில், ஒரே தடவையில் பாடிக் கொடுத்தார். கோடி நன்றி, ஐயா.

ஃபிளாய்ட் கிரேமர் ஐயா, ஒவ்வொரு வரி முடிந்ததும் உங்கள் பியானோ வந்து ஆறுதல் சொல்கிறது. அந்தக் குரல் வருவதற்கு முன்பே அதற்கு ஆறுதல் வாசித்து வைத்திருக்கிறீர்கள். நினைத்தாலே சிலிர்க்கிறது. பாப் மூரின் பேஸ், பட்டி ஹார்மனின் டிரம்ஸ், பின்னால் மெல்லக் குரல் கொடுத்த ஜோர்டனேர்ஸ் குழு என்று ஒருவர்கூட அவரை முந்தவில்லை.

பாட்டை எழுதிய வில்லி நெல்சனுக்கும், அதை விரும்பி வீட்டுக்கே கொண்டுபோன பாட்ஸியின் கணவர் சார்லி டிக்குக்கும் நன்றி. முதலில் பாட்ஸிக்கே அது பிடிக்கவில்லை. நீங்கள் விட்டுவிடாதது எங்கள் பாக்கியம்.

அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் 2-ஆம் இடம், பாப் பட்டியலில் 9-ஆம் இடம். கன்ட்ரி பக்கமே காது கொடுக்காதவர்களையும் உட்கார்ந்து கேட்கவைத்த பாட்டு அது. 1963 மார்ச்சில் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தபோது பாட்ஸிக்கு வயது 30. அவருக்கு இருந்ததே அவ்வளவு கொஞ்ச நாள்தான். அதில் அவரை அவசரப்படுத்தாமல் இருந்தீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

இன்று காலை அந்தப் பாட்டோடு சேர்ந்து நானும் பாடிப் பார்த்தேன். கடைசி வரி வரைக்கும் மூச்சு வந்தது. வலிக்கவில்லை.

அன்புடன்,
ஒரு ரசிகை