கோழியைக் கோடி என்று சொன்ன பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாப்பாரப்பட்டியில் பிறந்தவள். 1991-ல் தளி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு இடைநிலை ஆசிரியையாகப் போனபோது இது எல்லாம் ஒரே தர்மபுரி மாவட்டம். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. நான் அங்கேயே தங்கி, தலைமை ஆசிரியையாக 2022-ல் ஓய்வு பெற்றேன்.

முதல் நாள் ஒன்றாம் வகுப்பில் "உன் பேர் என்ன?" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டேன். பாதிப் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து "நீ பேரு ஏமி" என்று கேட்டான். உடனே எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே தெலுங்கு கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். கன்னடம் அப்புறம் வந்தது.

கர்நாடக, ஆந்திர எல்லையை ஒட்டிய தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான். தமிழே பள்ளிக்கூடத்தில்தான் கெட்டிப்படுகிறது. அதற்குள் ஆங்கிலமும் வந்துவிடுகிறது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கினார்கள். காலையில் தனியார் பள்ளி வேன் ஊருக்குள் வந்து நிற்பதைப் பார்க்கிற பெற்றோர், நம் பள்ளியிலும் இங்கிலீஷ் மீடியம் இருக்கிறதே என்று நம்பிச் சேர்க்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கையில் புத்தகம் மாறுகிறது, கூட ஒரு துணை வருவதில்லை.

ஒரு சம்பவம் இன்னும் மனதை அறுக்கிறது. பள்ளியைப் பார்க்க வந்த ஒருவர் கோழிப் படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் "இது என்ன?" என்று கேட்டார். இரண்டாம் வகுப்புச் சிறுமி எழுந்து சத்தமாகக் "கோடி" என்றாள். தெலுங்கில் கோழிக்குக் கோடி என்றுதான் பெயர். கன்னடத்தில் கோளி. வந்தவருக்கு அது தெரியவில்லை. "நூறு லட்சமா?" என்று கேட்டார், வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளை ஆங்கிலக் கேள்வியைப் புரிந்துகொண்டிருந்தாள், படத்தையும் சரியாகச் சொல்லியிருந்தாள். 'ஹென்' என்ற ஒரு சொல்தான் பாக்கி. அந்த வருஷம் முழுக்க அவள் ஆங்கில வகுப்பில் வாய் திறக்கவில்லை. நானும் அப்போதே எழுந்து விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் தவறு.

இப்படி வாய் மூடிய பிள்ளைகளைத்தான் 'மெல்லக் கற்பவர்' என்று எழுதிவைக்கிறோம். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் கைவர வைக்க 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம். திட்டம் நல்ல திட்டம், பாட்டும் விளையாட்டுமாக வகுப்பு கலகலப்பானதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஒரு பிள்ளை அரும்பில் நிற்பது பாடம் புரியாததாலா, கேட்ட மொழி புரியாததாலா என்று பார்க்காமல் நிலையைக் குறிக்கக் கூடாது.

உண்மையில் இந்தப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்துக்கு வேண்டிய சரக்கு நிறைய இருக்கிறது. தமிழில் 'கோட்' என்று எழுதினால் குளிருக்குப் போடுகிற உடையும் அதுதான், ஆட்டின் ஆங்கிலப் பெயரும் அதுதான். 'பஸ்'சுக்கும் 'பென்'னுக்கும் ஒரே 'ப'. தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. எழுதத் தெரியாவிட்டாலும் வீட்டில் கேட்டுக் கேட்டு அந்த வித்தியாசம் பிள்ளையின் காதில் இருக்கிறது. அவளை எழுப்பி இரண்டையும் சொல்லச் சொன்னால் வகுப்புக்கே அவள் வழிகாட்டுவாள். தடுமாறுகிற இடம் வேறு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வினைச்சொல் கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவிலேயே வந்துவிடும். இதை இலக்கணமாகச் சொல்லாமல் மூன்று பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து இடம் மாற்றிக் காட்டுவேன். ஒருத்தி 'நான்', ஒருத்தி 'பால்', ஒருத்தி 'குடிக்கிறேன்'. ஆங்கிலம் என்றால் கடைசியில் நிற்பவள் நடுவுக்கு ஓடி வர வேண்டும். பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அப்பா ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு 'ஷிப்ட்' போகிறார், அம்மா ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரமான 'பாலிஹவுஸ்'சில் பூக்களைத் தரம் பிரிக்கும் 'கிரேடிங்' செய்கிறார். இந்தச் சொற்களில் தொடங்கினால், ஆங்கிலம் ஏற்கெனவே தன் வீட்டில் இருக்கிறது என்ற தைரியம் வருகிறது.

ஆனால் இதைச் செய்ய ஆள் வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவர் ஐந்து வகுப்பையும், தமிழ் வழி ஆங்கில வழி இரண்டையும், பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளையோடு பத்து நிமிஷம் ஆங்கிலம் பேச எங்கே நேரம்? ஆசிரியர்களைத் திட்டுவதில் பயனில்லை.

பள்ளி விட்ட பிறகு ஊரிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக வந்தார்கள். எங்கள் ஊரில் வந்த பெண்ணுக்குத் தெலுங்கு, தமிழ், ஓரளவு ஆங்கிலம் மூன்றும் வரும். பிள்ளைகள் அவளிடம் வெட்கப்படாமல் பேசினார்கள். அப்படி ஒருவரைத் தினம் ஒரு மணி நேரம் பள்ளி நேரத்திலேயே, ஆங்கிலம் பேசுவதற்கென்றே, மதிப்பான ஊதியத்தோடு எல்லையோரப் பள்ளிகளுக்குக் கொடுங்கள். ஒன்றாம் வகுப்பில் முதல் ஆறு மாதம் ஆங்கிலத்தைக் காதிலும் வாயிலும் மட்டும் வையுங்கள். ஏபிசிடியை நாற்பது தடவை எழுதவைப்பது அப்புறம் இருக்கட்டும்.

மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது. நான் தெலுங்கு வழி வகுப்பு கேட்கவில்லை. தமிழைக் குறைக்கவும் சொல்லவில்லை, தமிழ் நன்றாக வந்த பிள்ளைக்குத்தான் ஆங்கிலமும் வந்தது என்பது என் அனுபவம். ஆசிரியரின் வாயில் பிள்ளையின் வீட்டுச் சொல்லும் நாலு இருக்கட்டும் என்கிறேன். இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிற ஆசிரியருக்கு, பணியில் சேரும்போதே ஒரு வாரம் பேச்சுத் தெலுங்கும் கன்னடமும் சொல்லிக்கொடுத்தால் போதும். ஓசூரில் இப்போது ஒடியாவும் இந்தியும் பேசுகிற பிள்ளைகளும் சேர்கிறார்கள், அவர்களையும் மறக்கக் கூடாது.

பணியில் இருந்த காலத்தில் வீடு, மாடு, வயல், சமையல், மழை என்று பிரித்து, படம் ஒட்டி, நான்கு மொழியிலும் தமிழ் எழுத்திலேயே எழுதிய மூன்று நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் கோழிதான். மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் திருத்தி அச்சிட முன்வந்தால் நானே பஸ் ஏறிக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை,
தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்