நாசா கண்டுபிடிக்காத அந்த ஒரு நாள்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியருக்கு, ஸ்தோத்திரம்.

வேதாகமமும் விஞ்ஞானமும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'காணாமல் போன நாளை' நாசா கண்டுபிடித்த கதையைப் படித்தேன். கிரகங்களின் நிலையைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது கம்ப்யூட்டர் ஓரிடத்தில் நின்றுவிட்டதாம். யோசுவா கேட்டுக்கொண்டதும் சூரியன் நடுவானத்தில் நின்றதாக வேதம் சொல்லும் நாளுக்கு 23 மணி 20 நிமிடம், எசேக்கியா ராஜாவின் காலத்தில் சூரியக் கடிகாரத்தில் பத்துப்பாகை பின்வாங்கிய சாயைக்கு (நிழலுக்கு) 40 நிமிடம் என்று கூட்டியதும் கணக்கு நேரானதாம். முப்பது வருடத்துக்கு முன் ஒரு கன்வென்ஷனில் இதைக் கேட்டு நானும் உருகியிருக்கிறேன். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருக்கிறேன். அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன ஞாயிறு, பிளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் நின்றான். கையில் உங்கள் இதழ், இன்னொரு கையில் செல்போன். "டீச்சர், இது பொய்யாம். நாசாவே மறுத்திருக்கு" என்று காட்டினான். குரலில் கேலி இல்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "அப்போ மத்ததெல்லாம்?" என்றான். 31 வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். அந்தக் கேள்விக்கு உடனே வாய் வரவில்லை.

அவன் சொன்னது சரி. இந்தக் கதை நாசாவின் பெயரோடு பரவியது 1970-ஐ ஒட்டி. ஆனால் கம்ப்யூட்டரே இல்லாத 1890-இல் டோட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி இதே கணக்கைப் புத்தகமாகப் போட்டிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் நாசாவைச் சேர்த்துக்கொண்டார்கள். கணக்கும் நிற்காது. சுவர்க் கடிகாரம் இப்போது பத்து மணி காட்டுகிறது. போன வாரம் அது நடுவில் ஒரு மணி நேரம் நின்றுபோயிருந்ததா என்று முள்ளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? நிற்காமல் ஓடிய வேறொரு கடிகாரம் பக்கத்தில் வேண்டும். யோசுவாவுக்கு முந்தின காலத்துக்கு அப்படி ஒரு கடிகாரம் யாரிடமும் இல்லை. அது இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டரும் 'ஒரு நாள் குறைகிறது' என்று சொல்லாது.

கட்டுரையாளர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். விஞ்ஞானம் சாட்சி சொன்னால் இளைஞர்கள் நம்புவார்கள் என்று நம் சபைகளில் பலர் நினைக்கிறோம். இந்த ஆசையை மறுத்தவர் யார் தெரியுமா? ஒரு பாதிரியார். பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமைத்ர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இலும், அதற்கு ஒரு தொடக்கம் இருந்திருக்க வேண்டும் என்று 1931-இலும் எழுதியவர்; இன்றைய பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்டவர். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் தம் உரையில், இந்தக் கொள்கை சிருஷ்டிப்புக்குச் சான்று என்ற தொனியில் பேசினார். வேறொருவராக இருந்தால் மகிழ்ந்து போயிருப்பார். லெமைத்ர் கலங்கினார். தன் கணக்கு நாளைக்குத் திருத்தப்படலாம், விசுவாசத்தை அதன்மேல் கட்டக் கூடாது என்பது அவர் நிலை. வத்திக்கான் வானாய்வுக்கூட இயக்குநரிடம் இதைப் பேசினார். 1952-இல் ரோமில் கூடிய வானியலாளர்கள் முன் போப் பேசியபோது அந்த வாதத்தை எடுக்கவில்லை. லெமைத்ர் கடைசிவரை பூசையும் வைத்தார், சமன்பாடுகளும் போட்டார். ஒன்றுக்கு மற்றொன்றை அவர் முட்டுக்கொடுக்கவில்லை.

இது புதிதும் இல்லை. ஏறக்குறைய 1,600 வருடத்துக்கு முன் திருச்சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின் ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கத்திலேயே எச்சரித்திருக்கிறார். வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றி, விவரம் தெரிந்த ஒருவர் முன் கிறிஸ்தவன் தப்பாகப் பேசினால், அதே வேதம் சொல்லும் உயிர்த்தெழுதலை அவர் எப்படி நம்புவார் என்று கேட்கிறார். அந்தப் பையனின் "அப்போ மத்ததெல்லாம்?" என்ற கேள்வியும் இதுதானே!

பிரசங்க பீடத்திலிருந்து வரும் சொல்லுக்கு நம் ஊர்களில் தனி மதிப்பு உண்டு. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அங்கே கொண்டுபோவதற்குமுன் நம் சபை வட்டாரமான சேகரத்தில் இருக்கும் ஒரு கல்லூரி ஆசிரியரிடமோ ஆய்வக ஊழியரிடமோ கேட்டால் என்ன? நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அறிவியல் படிக்கிறார்கள். அவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

அன்று நானும் அவனும் யோசுவா பத்தாம் அதிகாரத்தைத் திறந்து உட்கார்ந்தோம். நாசா இல்லாமல் வாசித்தோம். இரவு முழுவதும் நடந்து வந்து போரிடும் மனிதன், வெளிச்சம் போய்விடுமோ என்ற தவிப்பில் எல்லார் முன்னும் கர்த்தரை நோக்கிப் பேசுகிறான். "இவ்வளவு தைரியமாக் கேக்கலாமா டீச்சர்?" என்றான் பையன். அதைப் பற்றியே அரைமணி நேரம் பேசினோம்.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள், ஐயா. நான்கு வரி போதும். "ஆசிரியர் போடுவாரா?" என்று அவன் கேட்டிருக்கிறான். அந்தப் பக்கத்தை அவனிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை