அந்த ஓசையில் ரேடியோவுக்கும் பங்கு உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கருந்துளை 'பாடுவது' பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பெர்சியஸ் என்ற விண்மீன் மண்டலக் கொத்தின் ஓசை அலைகளைச் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி கண்டதாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் 'ரேடியோ' என்ற சொல் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லாதது என்னை வருத்தியது.

ஏறக்குறைய 24 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள அந்தக் கொத்தின் நடுவே இருக்கிறது, அந்தக் கருந்துளையைத் தன் மையத்தில் கொண்ட என்ஜிசி 1275 என்ற விண்மீன் மண்டலம். அதைச் சூழ்ந்த வாயு பல கோடி டிகிரி வெப்பத்தில் எக்ஸ் கதிரை வீசுகிறது. சந்திரா எடுத்த படத்தில், மையத்தின் இரு பக்கமும் இருண்ட பள்ளங்கள் தெரியும். அந்தப் படத்தை மட்டும் பார்த்தால், அங்கே வாயு குறைவு என்று சொல்லலாம். அதை விலக்கியது எது என்று சொல்ல முடியாது. அதன்மேல் ரேடியோ படத்தை வைத்துப் பாருங்கள். பள்ளம் இருக்கும் இடத்தில் ரேடியோ ஒளிர்வு அச்சில் வார்த்ததுபோல் பொருந்தி உட்காரும். கருந்துளையின் அருகிலிருந்து தாரைகளாகப் பாய்ந்த எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலையை உமிழ்கின்றன. அந்தத் தாரைகள் ஊதிய குமிழிகள்தாம் வாயுவைத் தள்ளி அலை எழுப்புகின்றன. 2003இல் கேம்பிரிட்ஜின் ஆண்ட்ரூ ஃபேபியன் குழு அறிவித்த ஓசை இதுவே. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே சுமார் ஒரு கோடி ஆண்டு! ஆகவே ஒலிப்பது வாயு, ஊதுவது கருந்துளை.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. எக்ஸ் கதிராக வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும் வாயு குளிர்ந்து, மையத்தில் குவிந்து, ஏராளமான விண்மீன்களாக மாறியிருக்க வேண்டும். அந்த அளவுக்கு மாறவில்லை. குமிழிகள் தரும் ஆற்றல் அந்த இழப்பை ஈடுகட்டுகிறது என்பதே வானியலாளர் பலரின் முடிவு. செலவுக் கணக்கு எக்ஸ் கதிரில் இருக்கிறது. வரவு எங்கிருந்து என்பதை ரேடியோ காட்டுகிறது. ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் கணக்கு நேராகாது.

எக்ஸ் கதிரை வளிமண்டலம் விழுங்கிவிடுவதால் சந்திரா விண்வெளிக்குப் போனது. ரேடியோ அலையோ தரைக்கே வருகிறது. எங்கள் ஊரில் முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கி, நிலா மறைக்கும் நொடிகளைக் கொண்டு தொலைதூர ரேடியோ மூலங்களின் அளவைக் கணித்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர்தான் சந்திராவுக்கு என்று என் மாணவர்கள் அறிவார்கள். முத்தோரைக்கு அழைத்துப் போனால்தான் இந்த ரேடியோ தொலைநோக்கியை அறிகிறார்கள்.

அடுத்த முறை இரு படங்களையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள், ஐயா. பிள்ளைகளே பொருத்திப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
உதகமண்டலம்