ஊமையான கட்டைகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய டிரான்சிஸ்டர் ஆர்கனை (கட்டைகளை அழுத்தி வாசிக்கும் மின் இசைக்கருவி) பழுதுபார்க்கத் தருபவர்கள் பெரும்பாலும் "சில கட்டைகள் பேசவில்லை" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எந்தெந்தக் கட்டை, எந்த ஸ்டாப்பில் (ஒலி வகையைத் தேர்ந்தெடுக்கும் விசை) என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள். பழுது எங்கே என்பதைப் பெரும்பாலும் அந்தத் தாளே சொல்லிவிடும்.

1960களில் வந்த பல ஆர்கன்களில் 12 சுரங்களுக்கு 12 ஆசிலேட்டர்கள் (ஒலிக்கான மின் அதிர்வை உண்டாக்கும் சுற்றுகள்) இருக்கும். அவை உச்ச ஸ்தாயியை மட்டும் எழுப்பும். அந்த அதிர்வெண்ணை டிவைடர்கள் என்ற சுற்றுகள் பாதி பாதியாகக் குறைத்துக் கீழ் ஸ்தாயிகளைத் தரும். ஆகவே 'சி' எல்லா ஸ்தாயியிலும் போயிருந்தால் ஆசிலேட்டரைப் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து கீழே மட்டும் போயிருந்தால், ஊமையானவற்றுள் மேலே இருக்கும் சுரத்தின் டிவைடரில்தான் கோளாறு. அதற்குக் கீழே உள்ள டிவைடர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மேலிருந்து சிக்னல் வராததால் நிற்கின்றன, அவ்வளவுதான். 1970களின் சில்லு வைத்த ஆர்கன்களில் ஒரே கிளாக்கிலிருந்து (எல்லாவற்றுக்கும் மூலமான ஒற்றை ஆசிலேட்டர்) 12 சுரங்களும் பிறக்கும். எல்லாக் கட்டையும் சேர்ந்து சுருதி விலகினால் கிளாக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு கட்டை பேசவில்லையா? அது எட்டடி ஸ்டாப்பில் என்றால், அதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் நாலடி ஸ்டாப்பை மட்டும் திறந்து ஒரு ஸ்தாயி கீழே உள்ள அதே சுரத்தை அழுத்துங்கள். இரண்டுக்கும் ஒலி ஒரே இடத்திலிருந்து வருவதால், இது பேசினால் ஜெனரேட்டர் (ஆசிலேட்டரும் டிவைடர்களும்) சரி, முதல் கட்டையின் கான்டாக்ட்டில் (அழுத்தும்போது மின் இணைப்பு தரும் தொடுமுனை) அழுக்கு. முதலில் அந்தக் கட்டையை இருபது முப்பது தடவை அழுத்திப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய காகிதப் பட்டையைக் கட்டையின் தொடுகம்பிக்கும் அது தொடும் உலோகத் தண்டான பஸ்பாருக்கும் இடையே மெதுவாக இழுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது, கான்டாக்ட்டின் மேல்பூச்சு போய்விடும். எண்ணெய் கலந்த ஸ்ப்ரேயும் வேண்டாம். அதில் தூசி ஒட்டி, நன்றாக இருந்த கட்டைகளும் ஊமையாகும்.

கட்டையைத் தொடாதபோதும் தாழ்ந்த இரைச்சல் கேட்டால், பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சீராக்கும் பாகம்) உலர்ந்திருக்கலாம். மாற்றும்போது மைக்ரோஃபாரட் பழைய அளவே இருக்கட்டும். வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உள்ள சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் சேஸியில் (உலோகச் சட்டம்) இணைந்திருக்கும். வழக்கம்போல நெகட்டிவ் என்று எண்ணித் தலைகீழாக வைத்தால் கெப்பாசிட்டர் வெடிக்கும். பழையதைக் கழற்றுமுன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் உள்ள வால்வ் ஆர்கன் என்றால் நீங்கள் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான வோல்ட்டேஜ் தேங்கியிருக்கும்.

சுருதி சேர்ப்பதை, மற்ற பழுதெல்லாம் சரிசெய்து முடிந்த பிறகு, ஆர்கனை அரை மணி நேரம் ஓடவிட்டுச் செய்யுங்கள். ஆசிலேட்டர் காயிலின் (கம்பிச் சுருள்) நடுவே உள்ள ஃபெரைட் கோரைப் பிளாஸ்டிக் திருப்புளியால் மட்டுமே திருகுங்கள். இரும்புத் திருப்புளி உள்ளே இருக்கையில் சுருதி சரியாகத் தெரியும், வெளியே எடுத்ததும் மாறிவிடும். இறுகிப்போன கோரைப் பலமாகத் திருகாதீர்கள். உடைந்தால் அதே காயில் கிடைப்பது கடினம்.

அன்புடன்,
பழுதுபார்ப்புப் பிரிவு