விடுமுறையில் காரில் எல்லை தாண்டும் குடும்பங்களுக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வரும் நம் பிள்ளைகள் பலர், அரையாண்டு விடுமுறைக்குச் சபரில், அதாவது வளைகுடா நாடுகளில் வேலையில், இருக்கும் வாப்பாவிடமோ அப்பாவிடமோ போகிறார்கள். அங்கிருந்து சொந்தக்காரர்களைப் பார்க்கக் காரிலேயே அடுத்த நாட்டுக்கும் போவதுண்டு. அப்படிப் போகும்போது நேரக் கணக்கில் கவனம் வேண்டும்.

சவூதி, குவைத், பஹ்ரைன், கத்தார் நான்கிலும் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் குறைவு. அமீரகத்திலும் ஓமானிலும் ஒன்றரை மணி நேரம் குறைவு. சவூதியின் தம்மாமிலிருந்து கடல் பாலம் வழியாக பஹ்ரைன் போனால் கடிகாரத்தைத் தொட வேண்டாம். சவூதியிலிருந்து அமீரக எல்லையைத் தாண்டினால் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். சூரியன் அப்படித் தாவுவதில்லை. தீர்க்கக்கோட்டில் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதன்படி கத்தாரின் தோஹாவுக்கும் அமீரகத்தின் அபுதாபிக்கும் சூரியக் கணக்கில் சுமார் 11 நிமிடம்தான் வித்தியாசம். கடிகார நேரத்தை அந்தந்த அரசு நிர்ணயிப்பதால் அது முழு ஒரு மணி நேரமாகிறது.

ரியாத்திலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பி, எல்லையில் நிற்கும் நேரமும் சேர்த்து 12 மணி நேரம் ஆனால், துபாயில் அப்போது மாலை 6 அல்ல, 7. திரும்பும்போது அதே 6 மணிக்குக் கிளம்பினால் ரியாத்தில் மாலை 5. பயண நேரத்தை முதலில் புறப்பட்ட ஊர் நேரத்திலேயே கூட்டுங்கள். கடைசியில் ஒரு மணியைச் சேருங்கள் அல்லது கழியுங்கள். பாதி வழியில் மாற்றினால் இரண்டு முறை கூட்டிவிட நேரும்.

துபாயில் விமானம் பிடிப்பவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த விமான நிலைய ஊரின் நேரம். கார் டேஷ்போர்டு கடிகாரம் பெரும்பாலும் தானாக மாறாது. அதை நம்பிப் போனால் ஒரு மணி நேரம் பிந்திவிடும். கவுண்டரோ புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும்.

போனிலும் சிக்கல் உண்டு. ரோமிங் இல்லாத சிம் பழைய நேரத்திலேயே நிற்கலாம். அப்போது 5 மணி அலாரம் அமீரகத்தில் 6 மணிக்குத்தான் அடிக்கும். எல்லையோரத்தில் டவர் மாறி மாறிக் கிடைத்தால் நேரமும் முன்னும் பின்னும் தாவும். தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, போகும் நாட்டின் நேரத்தை நீங்களே வைப்பது நல்லது. தனுஷ்கோடியில் இலங்கை டவர் கிடைத்தாலும் நேரம் மாறாதது, 2006 முதல் இலங்கையும் நம் நேரத்தையே வைத்திருப்பதால்தான்.

பிள்ளைக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து என்றால், சவூதியில் பகல் 12க்குக் கொடுத்த பின் அமீரகத்தில் இரவு 7க்குக் கொடுங்கள். 6க்குக் கொடுத்தால் ஐந்து மணி நேர இடைவெளிதான்.

பள்ளி திறக்கும் முந்தைய சனிக்கிழமை இணையவழிப் பெற்றோர் கூட்டம் இந்திய நேரம் காலை 10 மணிக்கு. சவூதி, குவைத், பஹ்ரைன், கத்தாரில் 7.30, அமீரகம், ஓமானில் 8.30, சிங்கப்பூர், மலேசியாவில் பகல் 12.30. அன்று பயணத்தில் இருப்பவர்கள் எந்த நாட்டிலிருந்து இணைவீர்கள் என்று வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்