அனுப்பிய சபைதான் வரவேற்கவும் வேண்டும்

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் மிஷனரிக் குழுக்களுக்கு,

கர்த்தருக்குள் அன்பான ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஒரு குடும்பத்தை வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்பும் ஞாயிறன்று நம் ஆராதனைகளில் பெரும்பாலும் அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரம்தான் வாசிக்கப்படும். அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்து, பர்னபாவையும் சவுலையும் கைவைத்து அனுப்புகிற பகுதி. 14ஆம் அதிகாரத்தின் கடைசியில் அவர்கள் அதே சபைக்குத் திரும்பி வருகிறார்கள். சபை கூடி உட்கார்ந்து கேட்கிறது. அப்புறம் அவர்கள் சீஷர்களோடு நெடுநாள் அங்கேயே தங்குகிறார்கள். அந்தத் திரும்பி வருதலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நானும் என் கணவரும் கம்போடியாவில் ஊழியம் செய்து திரும்பியவர்கள். போகும்போது சபை எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மாதப் பணம் தவறாமல் வந்தது, ஜெபக்குழுவும் எங்களை மறக்கவில்லை. திரும்பி வந்தபோதுதான் எங்களுக்கென்று சபையில் எந்தத் திட்டமும் இல்லை என்று தெரிந்தது. ஒரு ஞாயிறு சாட்சி சொன்னோம், கைதட்டினார்கள், அதோடு சரி.

முதலில் மத்திய சேம நிதி. இங்கே வேலை செய்யும் 55 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு, முதலாளியின் 17 விழுக்காடும் அவருடைய 20 விழுக்காடும் சேர்ந்து மாதாமாதம் கணக்கில் ஏறுகிறது. வீட்டுக் கடன், மருத்துவம், முதுமை எல்லாம் அதை நம்பித்தான். வெளிநாட்டில் வேலை செய்பவருக்கு அந்தச் சந்தா சட்டப்படி கட்டாயமில்லை. ஆகவே உதவித்தொகை என்று மட்டும் சபை அனுப்பினால், ஊழியக்காரரின் கணக்கு அத்தனை ஆண்டும் அப்படியே நிற்கும். ஆனால் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதியின் சந்தா நிற்பதில்லை. குடிமகன் எந்த நாட்டில் இருந்தாலும் கட்டியாக வேண்டும். வெளிநாட்டு மருத்துவமனைக் கட்டணத்துக்கோ அந்தக் காப்புறுதி உதவாது. விசுவாசத்தோடு போகிறவர்கள் இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்காமலேயே செய்ய வேண்டியது அனுப்புகிறவர்களின் கடமை என்று நினைக்கிறேன்.

அடுத்தது பிள்ளைகள். இது எனக்கு அதிகம் வலிக்கிற விஷயம். எங்கள் மகள் கம்போடியாவின் கெமர் மொழியில் விளையாடி வளர்ந்தவள். திரும்பியதும் தொடக்கநிலை ஐந்தில் சேர்ந்தாள், முன்னால் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, அதில் தமிழ்த் தாள். நம் சபைகளில் தமிழாசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஒருவராவது நாங்கள் அங்கே இருந்தபோதே வாரம் ஒரு மணி நேரம் ஸூமில் அவளோடு உட்கார்ந்திருக்கலாம். காசு செலவில்லாத உதவி. பையன்கள் உள்ள குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு: 13 வயதுக்குப் பிறகு மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளியே இருக்க வேண்டுமானால், கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையின் விதிப்படி, நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். நீண்ட காலம் என்றால் பிணைத்தொகையும் கேட்கப்படலாம். அந்தப் பிணைக்குக் குடும்பத்தைத் தனியாக அலைய விடாதீர்கள்.

குறுகிய காலப் பயணங்கள் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அவற்றில் போகும் இளையர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கெமர் எழுத்து பல்லவ எழுத்தின் வழி வந்ததுதான். இருந்தும் அதன் உயிரொலிகள் நம் நாக்குக்கு வர ஆண்டுகள் பிடிக்கும். ஒரு கிராமத்துப் பாட்டி தன் மனதைத் திறக்க அதைவிட நாளாகும். நீண்ட நாள் தங்குகிறவர் வேண்டும் என்றால், அவருடைய பின்னாள் யார் பொறுப்பு என்பதும் முடிவாக வேண்டும்.

நாமே அப்படி வந்தவர்களால் பயன்பெற்றவர்கள். 1887இல் சோஃபியா பிளாக்மோர் என்ற மிஷனரி இங்கே ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு தொடங்கிய வகுப்புதான் பின்னாளில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி ஆனது. அவர் 1928 வரை இங்கேயே இருந்தார். 1903இல், பின்னாளில் பேராயரான அசரியாவும் நண்பர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கியபோது, ஆட்கள் மட்டுமல்ல, பணமும் நிர்வாகமும் நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் இருக்கும் நம்மிடம் அன்றைய திருநெல்வேலி விவசாயிகளைவிடப் பணமும் அதிகம், நிர்வாகம் தெரிந்தவர்களும் அதிகம். கணக்காளர்கள், தாதியர், ஆசிரியர், மனிதவள அதிகாரிகள் எல்லாம் நம் வரிசைகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், மிஷனரி உதவித்தொகைக்குக் கீழே சேம நிதிக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் தனித்தனித் தொகை சேர்த்துக் கொடுங்கள். திரும்பி வருபவருக்கு முதல் ஆறு மாதமும் சம்பளம் தொடரட்டும். அந்த மாதங்களில் அவர்களைப் பிரசங்கத்துக்கு அழைக்காமல் ஓய்வெடுக்க விடுங்கள். எங்கள் காலம் முடிந்துவிட்டது, எங்களுக்காகக் கேட்கவில்லை. நம் சபைகளிலிருந்து போகத் தயாராகும் இளம் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன்னால் இதைக் கூட்டத்தில் வைத்து முடிவெடுங்கள். கணக்குப் போட ஆள் வேண்டுமென்றால் நானும் என் கணவரும் வந்து உட்காருகிறோம்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரி